குழிக்கு மூன்றடி

இந்த மாடுகளுக்கு வருவதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லை. மாடு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நிற்கிற சிவசாமி திருத்தினார், மாடு இல்லீங் மேடம், காட்டெருமை, ஒரு முட்டு முட்டுச்சுன்னா நம்ம காலேஜ் பஸ்ஸே கவுந்துரும் என்றார், அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். எத்தனை இருக்கின்றன என்று தெரியவில்லை, பனி மறைக்கிறது, ஒன்று போனால் சோலைக்குள்ளிருந்து இன்னொன்று இறங்கி வருகிறது, எல்லாவற்றிலும் பெரியது கடைசிக் குழிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு யாருக்கு என்ன அவசரம் என்பது போல அசைபோடுகிறது. இந்த மலை மைதானத்தில் இதுதான் வழக்கமாம். விரட்டக் கூடாது, விசிலடிக்கக் கூடாது, அதுவாகப் போகிறவரை ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் ஒதுங்கி நிற்கவேண்டும். நான் பயிற்சி கொடுக்கிற மித்ராவும் ஒதுங்கி நிற்கிறாள். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லை, கிரீன் என்கிறோமே, அதைவிட்டு வெளியே வந்து அந்தப் பக்கத்துச் சவுக்கு மரத்தடியில் தனியாக நிற்கிறாள். பந்து கிடந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு நாணயம் வைத்திருக்கிறாள். நாணயத்துக்கும் குழிக்கும் மூன்றடி தூரம். அந்த மூன்றடி பந்து உருண்டு உள்ளே விழுந்தால் பல்கலைக்கழகக் கோப்பை எங்களுக்கு. சிவசாமி அவளுடைய அப்பா, திருப்பூரில் பனியன் கம்பெனி, கோல்ஃப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் மகள் ஆடுகிறாள் என்பது மட்டும்தான். இத்தனூண்டு தூரந்தானுங்களே மேடம், எங்க வீட்டுப் பூனைக்குட்டி தட்டுனாக்கூட உள்ள போயிருமே என்கிறார். ஆமாங்க என்றேன். வரும் வழியில் பழனியில் இறங்கி எடுத்துவந்த விபூதியை என் உள்ளங்கையிலும் கொஞ்சம் கொட்டினார், கை ஈரமாக இருந்ததால் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

பூனைக்குட்டி தட்டினால் போய்விடும், அதுதான் விஷயம். பூனைக்குட்டிக்கு நினைப்பு கிடையாது. முப்பதடி தூரத்திலிருந்து போடுகிறபோது யாருக்கும் கை நடுங்காது, போனால் புண்ணியம், போகாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. மூன்றடிதான் ஆளைத் தின்னும். அதிலும் நிற்கவைத்துத் தின்னும். இந்நேரம் அவள் போட்டு முடித்திருப்பாள், விழுந்ததோ விழவில்லையோ முடிந்திருக்கும், இப்போது பார், மட்டையைத் தரையில் ஊன்றி நின்று யோசிக்கிறாள், யோசிக்காதே மித்ரா, அப்பாவைப் பார், மாட்டைப் பார், நேற்று பஸ்ஸில் பாடிய அந்தப் பாட்டு வரியை நினை, ஆனால் கையைப் பார்க்காதே. அவள் கையைத்தான் பார்க்கிறாள். வலது கையை விரித்து மூடுகிறாள், மறுபடி விரிக்கிறாள். குளிராக இருக்கும். இந்தக் குளிரில் எல்லாரும்தான் கையை விரித்து மூடுகிறார்கள், கர்னல் என்று எல்லாரும் கூப்பிடுகிற எதிர் அணியின் வடக்கத்திக் கோச்சுகூட அப்படித்தான் செய்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பதினைந்தாவது குழியில் நான் பார்த்ததும் பேயாகவே இருக்கட்டும், என் கண்ணின் பேயாக இருக்கட்டும். அங்கேயும் இதே போல ஒரு குட்டித் தூரம். மட்டை பின்னால் போனது, முன்னால் வந்தது, பந்தைத் தொடப்போகிற கணத்தில் வலது மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டியது. தூக்கம் பிடிக்கிற நேரத்தில் காலை உதறிக்கொண்டு விழிப்போமே, அந்த மாதிரி. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்து நின்றது. கூட இருந்தவர்கள் ஐயோ பாவம், மயிரிழையில் தவறிவிட்டது என்றார்கள். அவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் மட்டும்தான் கையைப் பார்த்தேன்.

அதற்குப் பெயர் இருக்கிறது. ஒரு சின்னச் சொல், குழந்தைக்கு விக்கல் வந்தது போல ஒலிக்கும். எந்தக் கோல்ஃப்காரரும் அதை வாயால் சொல்லமாட்டார். நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்று என் ஆத்தா கேட்பாள். வெந்துவிடும் ஆத்தா, எங்கள் தொழிலில் வெந்துவிடும். சொன்னால் வரும், கேட்டால் வரும், அது வந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், வந்துவிடும். நாடு நாடாகப் போய்ப் போட்டி ஆடிய காலத்தில் எனக்குக் கோலாலம்பூரில் வந்தது. மழை விட்டு வெயில் அடித்த மத்தியானம், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, மூன்றடிகூட இருக்காது, தட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தபடி மட்டையை எடுத்தேன், யாரோ என் முழங்கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. அன்றைக்கு ஒரு தடவை, அடுத்த வாரம் பாங்காக்கில் தினம் ஒரு தடவை, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எனக்குக் கைக்கே எட்டவில்லை. நரம்பு டாக்டர் கை நன்றாக இருக்கிறது என்றார், மனசு டாக்டர் மனசும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார், அப்படியானால் நானென்ன பொய்யா சொல்கிறேன் என்று கேட்டுவிட்டு வந்தேன். ஆத்தா பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டாள், தர்காவில் கயிறு கட்டினாள், கடைசியில் அலுத்துப்போய், சோறு மட்டும் ஒழுங்கா வாய்க்குப் போகுதேடி உமையா, அப்ப மட்டும் கைக்கு ஒண்ணுமில்லையா என்றாள். சிரித்தேன். கேள்வி நியாயமானதுதான். சோற்றை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

கையைவிடக் கொடுமை மற்றவர்களின் முகம்தான். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. நான் மட்டையை எடுத்து நின்றதும் கூட ஆடுகிறவள் மரத்தைப் பார்ப்பாள், இன்னொருத்தி கையுறையைக் கழற்றி மாட்டுவாள். பிம் என்று ஒரு தாய்லாந்துக்காரி, என் கூட அறையைப் பங்குபோட்டவள், என் ஊறுகாயை வழித்துத் தின்றவள், பயிற்சி செய்கிற இடத்தில் எப்போதும் என் எதிரில்தான் நிற்பாள். ஒரு நாள் கொஞ்சம் தள்ளி நின்றாள். அடுத்த நாள் முதுகைக் காட்டி நின்றாள். கை வெட்டிய ஆட்டத்துக்குப் பிறகு அவளிடம் போய், பார்த்தாயா என்று கேட்டேன், இல்லையே நான் பார்க்கவில்லையே என்றாள், அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவது போல இது ஒரு மரியாதை, நான் பார்க்கவில்லை என்பது. பிம்மைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதினைந்தாவது குழியில் நான் என்ன செய்தேன்? கை வெட்டியதைப் பார்த்த மறுகணம் கண் தானாகவே பள்ளத்தாக்குப் பக்கம் போய்விட்டது. அங்கே ஒன்றுமே தெரியவில்லை, வெறும் பனி, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாறிலும் பார்க்கவில்லை. பதினேழில் மித்ரா பட், அதுதான் பந்தைக் குழிக்குள் உருட்டுகிற அந்தத் தட்டு, போட்டபோது குனிந்து ஷூ லேசைக் கட்டினேன், அது அவிழவே இல்லை. பார்க்காமல் இருந்தால் அது அவளிடம் இல்லாமல் போய்விடும் என்று ஒரு கணக்கு. படித்த பெண், கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவள் போடுகிற கணக்கா இது.

ஆனால் அவளுக்கு எங்கிருந்து வந்தது? இதை நினைக்கக் கூடாது. மாடு தலையைத் தூக்குகிறது, போகப்போகிறது, இல்லை, காதை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? கோச்சாகச் சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு பிள்ளை முன்னாலும் பட் போட்டுக் காட்டியதில்லை. நெடுந்தூரம் அடித்துக் காட்டுவேன், மணல் குழியிலிருந்து எடுத்துக் காட்டுவேன், குட்டித் தூரம் மட்டும் வாய்ப்பேச்சுத்தான். சுவரோரம் நிற்கவைத்து முதுகைத் தட்டுவேன், கண்ணைக் கட்டிவிட்டுப் பந்தை உருட்டச் சொல்வேன், காது கேட்கவேண்டும், பந்து விழுகிற சத்தம் வந்த பிறகுதான் தலையைத் தூக்கவேண்டும் என்பேன். நன்றாகத்தான் வந்தார்கள் பிள்ளைகள். மேம் பட் போட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று அவர்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு, என்னவோ பெரிய ஆட்டக்காரி, கெத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன மாதம் ஒரு நாள் விடிகாலையில் பழைய மட்டையைக் காரிலிருந்து எடுத்தேன். எப்போதாவது எடுப்பேன், பல் வலித்த இடத்தை நாக்கு போய்த் தொட்டுப் பார்க்குமே அது போல, போய்விட்டதா என்று பார்க்க. போகவில்லை. மணிக்கட்டு வெட்டியது, பந்து தாண்டிப் போயிற்று, திரும்பினால் கேட்டருகே பந்துக் கூடையோடு மித்ரா. குட்மார்னிங் மேம் என்றாள். குட்மார்னிங் என்றேன். அவ்வளவுதான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பார்த்தாளா? தூரம்தான், பனிகூட இருந்தது. பார்த்திருக்கமாட்டாள் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், தீர்மானித்த பிறகும் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. பார்த்ததால் வந்துவிட்டதா? அப்படியெல்லாம் ஒட்டுமா, என்ன அம்மையா காய்ச்சலா? பிம் முதுகைக் காட்டி நின்றாளே. அடுத்த வருஷம் பிம் ஒரு போட்டியில் ஜெயித்தாள் என்று பேப்பரில் பார்த்தேன். முதுகைக் காட்டியது வேலை செய்திருக்கிறது.

சேர்ந்த புதிதில் மித்ராவின் கை எப்படி இருந்தது தெரியுமா. முதல் நாள், அவளுக்குச் செருப்புகூடச் சரியாக இல்லை, பிளஸ் டூ முடித்த பெண், அப்பா எங்கள் காலேஜில் ஒரு சீட்டுக்கு யாரையோ பார்க்க வந்த இடத்தில் சும்மா வேலியோரம் நின்றவள், தர்றீங்களா மேம் ஒருவாட்டி என்று கேட்டு வாங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பந்து ஓடவில்லை, ஒழுகியது. எண்ணெய் ஒழுகுவது போல அமைதியாகப் போய் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பொறாமையா சந்தோஷமா என்று தெரியவில்லை. அந்தக் கை போகக்கூடாது. கோப்பை போகட்டும், இந்தக் கர்னலே தூக்கிக்கொண்டு போகட்டும், பிரின்சிபால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அப்புறம் சரியாகிவிடுவார். கை போனால் அவள் என்ன செய்வாள். நான் செய்ததைச் செய்வாள். வலது கை மேலே, இடது கை கீழே என்று மாற்றுவாள், நீள மட்டை வாங்குவாள், குளியலறையில் பல்துலக்கும் பிரஷை மட்டையாகப் பிடித்துப் பார்ப்பாள், யாரிடமும் சொல்லமாட்டாள், எல்லாரும் பார்க்கவில்லை பார்க்கவில்லை என்பார்கள், ஒரு நாள் விமானத்தில் ஏறாமல் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

போய்ப் பேசலாம். கிரீன்மேல் கால் வைத்துவிட்டால்தான் கோச் பேசக் கூடாது, இப்போது அவள் வெளியேதான் நிற்கிறாள், பேசலாம். என்ன பேசுவது. ஒன்றுமில்லை மித்ரா, சும்மா தட்டு என்றால், ஒன்றுமில்லை என்று ஏன் சொல்கிறாள் என்று யோசிப்பாள். மணிக்கட்டைத் தளர்வாக வை என்றால் மணிக்கட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வாள். மூச்சை இழுத்துவிடு, இதைச் சொல்லாத கோச்சே உலகத்தில் கிடையாது, என் கோச்சும் சொன்னார், மூச்சுவிடக்கூட மறந்துபோயிற்று எனக்கு. பேசாமல் இருந்தால்? பேசாமல் இருந்தால் ஒருவேளை அவளுக்குத் தெரியவே தெரியாது, பதினைந்தில் ஏதோ கை வழுக்கியது என்று விட்டிருப்பாள், நான் போய் நிற்பதுதான் கெடுதல். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்ட கதையாகும். சரி, போகவேண்டாம். தெரிந்திருந்தால்? தெரிந்து அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தால்? ஏனுங் மேடம், பாப்பா உங்களையத்தான் பாக்குது என்றார் சிவசாமி. நிமிர்ந்தேன். பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன், மாடு குறுக்கே நிற்கிறது என்று நினைத்தேன், மாடு நகர்ந்து சோலையோரம் போய்விட்டிருந்தது, குட்டி ஒன்று மட்டும் பின்னால் ஓடியது. நடந்தேன்.

கிட்டே போனதும் எனக்கு முன்னால் அவள் பேசினாள். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பதினஞ்சுல நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க மேம்."

நான் பனியைப் பார்த்தேன் என்று சொல்லப்போனேன்.

"அதுக்கப்புறம் ஒருக்காக்கூட நீங்க என் கையப் பாக்கலீங்க. அதுலதானுங் எனக்குப் பயமாயிருச்சு. இல்லீன்னா வழுக்கிருச்சுன்னு விட்டிருப்பேன்."

அப்படியானால் நான்தான். மட்டை பிடித்துக் காட்டாமல் காப்பாற்றினேன் என்று நினைத்தேனே, முகத்தைத் திருப்பியே அதைக் கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் எனக்குச் செய்யப்பட்டதை, ஒன்றுவிடாமல், அப்படியே. ஏதாவது சொல்லடி உமையா, கோச்தானே நீ. அந்த நேரம் பார்த்து நடுவர் கொடியை ஆட்டினார், ஆட்டம் தொடரலாம் என்று. மித்ரா பையிலிருந்து பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். கிரீன்மேல் ஒரு கால் வைக்கும் முன்னால் திரும்பினாள். "இதப் பாருங்க மேம். என்ன ஆனாலும் பாருங்க" என்றாள். அவள் உள்ளே போய்விட்டாள், இனி நான் பேசக் கூடாது.

பார்த்தேன். அவ்வளவு சுலபமில்லை. கர்னல் மரியாதையாகக் கடிகாரத்தைப் பார்த்தார், எனக்கும் சோலைப் பக்கம் போய்விட்ட அந்தக் குட்டியைத் தேடவேண்டும் போலிருந்தது, கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய வலது மணிக்கட்டின்மேல் கண்ணை வைத்தேன். நாணயத்தை எடுத்தாள். பந்தை வைத்தாள். ஒரு தடவை குழியைப் பார்த்தாள். வராதே, வராதே, இவளுக்கு வேண்டாம், என்னிடமே இரு, சாகிறவரை என்னிடமே இருந்துகொள் என்று நான் யாரிடமோ கெஞ்சினேன். மட்டை பின்னால் போனது. முன்னால் வந்தது. வந்தது. மணிக்கட்டு வெட்டியது, சின்ன வெட்டுத்தான், பதினைந்தில் வந்ததைவிடச் சின்னது, ஆனால் அதுதான், சந்தேகமே இல்லை. பந்து வேகமாகப் போய்க் குழியின் பின்விளிம்பில் மோதி மேலே எம்பி, ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது.

கைதட்டினார்கள். சிவசாமி முருகா என்று கத்தியது மலைக்கே கேட்டிருக்கும். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கர்னல் வந்து என் கையைக் குலுக்கி என்னமோ ஆங்கிலத்தில் சொன்னார். மித்ரா பந்தைக் குழியிலிருந்து எடுக்கக்கூட இல்லை, எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள், முகம் வெளுத்திருந்தது, ஜெயித்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"பாத்தீங்களா மேம்?"

இல்லையே, நான் பார்க்கவில்லையே. வாயில் தயாராக இருந்தது அந்த வார்த்தை. அவ்வளவு பேர் எனக்குச் சொன்னது, பிரியமாகச் சொல்லவும் எனக்குத் தெரியும், பந்து விழுந்துவிட்டது, கோப்பை வந்துவிட்டது, இப்போது சொன்னால் இன்றைக்கு ஒரு நாளாவது சந்தோஷமாகத் தூங்குவாள்.

"பாத்தேன்" என்றேன். "மணிக்கட்டு. பதினஞ்சுலயும் பாத்தேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் தலையை ஆட்டினாள். அதுக்குப் பேரு இருக்குதுங்களா என்று கேட்டாள். சொன்னேன். என் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் உதட்டை அசைத்து அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பின்னால் அவள் அப்பா போட்டோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார், பாப்பா, மேடத்தையும் கூட்டிக்கிட்டு வா என்று. அவள் திரும்பவில்லை.

"உங்களுக்கு எத்தன வருசமா இருக்குதுங் மேம்?"

அன்றைக்கு விடிகாலையில் பார்த்துத்தான் இருக்கிறாள். ஒருத்தர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அழுகைதான் வந்தது.